நிறுத்து

தீர்த்தம் என்று அவர்கள் சொன்னதைப் பார்த்தாலே வரலட்சுமிக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வரும். ஒரு மனிதனின் தலையில் ஊற்றிய பால் அவன் மார்பில் வழிந்து, இடுப்பு வேட்டியில் ஊறி, தரையில் இறங்கி, மஞ்சள் தண்ணீரோடும் திருநீறோடும் நசுங்கிய எலுமிச்சம்பழத்தோடும் கலந்து தேங்கிக் கிடக்கும். மேலே ஈ மொய்க்கும். அதை உள்ளங்கையால் வழித்துச் செம்பில் பிடித்துக்கொண்டு போய், வீட்டில் சுரமாகக் கிடக்கிற பிள்ளையின் வாயில் ஊற்றினார்கள். புத்தி கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அதில் பள்ளிக்கூட வாத்தியாரும் இருந்தார்.

பால் வழிந்த அந்த உடம்பு அவள் புருஷன் கண்ணையனுடையது. ஒரு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் இதே ஜனங்கள் அவனைப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான்.

கண்ணையன் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். தகரக் கொட்டகை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று நோட்டில் எழுதுவது வேலை. பதினெட்டு வருஷம் எழுதினான். எட்டு நாற்பத்திரண்டு என்றால் எட்டு நாற்பத்திரண்டுதான், நாற்பது ஆகாது. டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கையைப் போட்டு, இரண்டு நிமிஷம் குறைத்து எழுதச் சொல்வார்கள். அவன் கையைத் தட்டிவிட்டு, டீ எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் நோட்டு ஓரத்தில் எழுதி வைப்பான். இந்த மாதிரி ஆளை யாருக்குப் பிடிக்கும்?

யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வான். தையல் உடம்பில் பட்டால் அறுக்கிறதாம். தயிர்சாதத்தில் ஊறுகாய் தொட்டுவிட்டால் தட்டையே தள்ளிவிடுவான். "தோ வரேன்" என்று யாராவது சொன்னால், எத்தனை நிமிஷத்தில் என்று கேட்பான். கேட்டுவிட்டுக் கடிகாரத்தையும் பார்ப்பான். பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் பிறந்தவன். நாலு தறி ஒன்றாக ஓடும்போது காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன நெய்வது என்று அப்பன் கைகழுவிவிட்டான். தறிச் சத்தம் ஆகாதவனுக்கு பஸ் ஸ்டாண்டு சத்தம் மட்டும் எப்படி ஆகிறது என்று வரலட்சுமி ஒருமுறை கேட்டாள்.

"வண்டி வர்ற நேரம் தெரியும்" என்றான்.

அந்த நாலு வார்த்தை அவளுக்குப் புரிய ஏழெட்டு வருஷம் ஆயிற்று. நேரம் சொல்லி வருகிற சத்தத்துக்கு அவன் தன்னைக் கட்டிப்போட்டுத் தயாராக வைத்துக்கொள்கிறான். சொல்லாமல் கொள்ளாமல் வருகிற சத்தமும், எதிர்பாராமல் மேலே படுகிற கையும்தான் அவனைத் தோலோடு உரித்துப்போடும். அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் அவன் எதனால் அப்படி இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் அவளுக்குப் பெயர் பைத்தியக்காரன் பெண்டாட்டி. குழந்தையும் இல்லை. பக்கத்து வீட்டுச் சீமந்தத்துக்குப் போனால் வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். கடைசியில் பந்திக்கு மட்டும் கூப்பிடுவார்கள். பதினாலு வருஷம் அப்படிப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் கசப்பு தெரியும். அந்தக் கசப்புதான் பிறகு அவள் வாயை அடைத்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடிக் கிருத்திகை. மலையடிவாரம் முழுக்க மஞ்சள் துணி, பூக்காவடி, மொட்டைத் தலைகள். பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. காவடிக் கூட்டம் ஒன்று வெயிலுக்கு ஒதுங்கி, சரியாக அந்தத் தகரக் கொட்டகையை ஒட்டி நின்று பம்பையைப் போட்டுத் தாக்கியது. நாலு பம்பை, இரண்டு உடுக்கை. தகரத்தில் மோதி அது இரண்டு மடங்காகக் கேட்டது. கண்ணையன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். போக வழியில்லை. மண்டியிட்டான். முன்னும் பின்னும் ஆடினான். நெற்றியில் முஷ்டியால் குத்திக்கொண்டு, "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினான்.

யாரோ ஒருவன், சாமி வந்துவிட்டது என்றான். போதும். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. ஒருவன் வாயைப் பிளந்து திருநீற்றைக் கொட்டினான். இன்னொருவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். தொடத் தொட அவன் நடுங்கினான். நடுங்க நடுங்க அவர்கள் பம்பை அடியைக் கூட்டினார்கள். இருபது கைகள் அவன் மேல் ஊர்ந்தன. கடைசியில் கத்த முடியாமல், அவன் தன்னைத் தேற்றிக்கொள்ள வழக்கமாகச் செய்வதைச் செய்தான். கண்ணை மூடிக்கொண்டு வண்டி நேரங்களை முணுமுணுத்தான்.

அந்த நேரம் பார்த்து கெங்கம்மாள் முன்னால் வந்து விழுந்தாள். ஆர்.கே.பேட்டைப் பக்கம் கூலி வேலை செய்கிறவள். சண்டை போட்டுக்கொண்டு போன புருஷன் முனியன் மூன்று மாதமாக வீடு திரும்பவில்லை. எப்போது வருவான் சாமி என்று கேட்டாள். கண்ணையன் வாயில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது, "ஆர்.கே.பேட்டை மூணு இருபது."

மூன்று இருபது வண்டியில் முனியன் வந்து இறங்கினான். ஆடிக் கிருத்திகை அன்றைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த வண்டியில் வராதவன் யார்? கூரை மேலெல்லாம் ஆள் உட்கார்ந்து வந்த வண்டி அது. ஆனால் அதை யார் யோசிக்கப் போகிறார்கள்!

சேதி கேட்டு ஓடி வந்த வரலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அவருக்கு மேளச் சத்தம் ஆகாது, விடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் காலில் ஒருத்தி விழுந்தாள். யார் என்று பார்த்தால், பக்கத்து வீட்டு மனோரமா. சீமந்தத்துக்கு வளையல் போடக் கூப்பிடாத அதே மனோரமா, தாயே என்று சொல்லிக்கொண்டு விழுந்தாள். வரலட்சுமி திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷத்தைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வாயையே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

கண்ணையனுக்கு அண்ணன் ஒருவன் உண்டு, மணவாளன். சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் தேங்காய், கற்பூரக் கடை. எப்போதும் வாய் நிறைய வெற்றிலை. பேசினால் எதிரில் நிற்பவர் சட்டையில் சிவப்புப் பொட்டு விழும். அதுவரை தம்பி என்று ஒருவன் இருப்பதையே வெளியில் சொல்லாதவன், அன்று சாயங்காலமே வந்து, சாமி ஏறுகிற உடம்பு பஸ் ஸ்டாண்டில் புகையில் உட்காரக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னான். வண்டி முதலாளிகளுக்கும் சந்தோஷம்தான். கேட்டபடி எழுதுகிற ஒருவனை மறுநாளே அந்தக் கொட்டகையில் உட்கார வைத்துக்கொண்டார்கள்.

கடைக்குப் பின்னால் கீற்றுப் பந்தல் எழும்பியது. செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் குறி. பம்பைக்காரன் துரைக்கண்ணு அவன் ஆட்களோடு வந்து அடிப்பான். கண்ணையனைச் சட்டையைக் கழற்றி நடுவில் உட்கார வைப்பார்கள். மற்ற நாட்களில் அவன் பந்தல் மூலையில் உட்கார்ந்து, தூரத்து ஹார்ன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று கண்டுபிடித்து, சுவரில் கரியால் நேரம் எழுதுவான். செவ்வாய்க்கிழமை காலையில் எழுத மாட்டான். விரல் நகத்தைக் கடித்து ரத்தம் வர வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆளும் பாதியாக இளைத்துப் போனான்.

மேளம் ஏறினால் அவன் வாயில் வருவது ஒரே வார்த்தைதான். நிறுத்து. அதற்கு அர்த்தம் சொல்வது மணவாளன் வேலை. பெண்ணுக்கு வரன் பார்த்துவிட்டுக் கேட்க வந்தவனுக்கு, அந்தச் சம்பந்தத்தை நிறுத்தச் சொல்கிறது சாமி. மெட்ராஸுக்குப் போய்ப் பிழைக்கலாமா என்று வந்தவனுக்குப் பிரயாணத்தை நிறுத்து. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியவனுக்கு வேலையை நிறுத்து. இதில் ஒரு வசதி, எதை நிறுத்தினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை. நடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று ஜனங்களே மீதியைச் சொல்லிக்கொள்வார்கள். எதிரே உட்கார்ந்து ஒருவன் மேளத்தை நிறுத்து, மேளத்தை நிறுத்து என்று உயிர் போகக் கத்துகிறான். அதைக் கேட்டுக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எவ்வளவு அருவருப்பான காட்சி! வரலட்சுமி அதே பந்தலில் தட்டில் குங்குமம் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சாமியம்மா என்றார்கள்.

தை மாதம் கெங்கம்மாள் வந்தாள். திரும்பி வந்த முனியனுக்கு இருமல். ஆஸ்பத்திரியில் காசம் என்று சொல்லி, தவறாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றிருக்கிறார்கள். ஊசி போட்டால் காது அடைக்கிறது, தலை சுற்றுகிறது என்று அவன் அடம் பிடிக்கிறான். சாமி ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான். அதற்காக நடந்தே வந்திருந்தாள்.

பம்பை அடித்தது. கண்ணையன் நிறுத்து என்றான். மணவாளன் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, ஊசியை நிறுத்தச் சொல்கிறது சாமி, திருநீற்றைக் கரைத்துக் கொடு என்றான்.

 வரலட்சுமி எழுந்திருக்க நினைத்தாள். மடியில் குங்குமத் தட்டு இருந்தது, கூட்டம் இருந்தது, பக்கத்தில் மனோரமா இருந்தாள். அப்புறமாகத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஆனி மாதம் ஒரு நாள் பகலில் கெங்கம்மாள் வீட்டுக்கே வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. இடுப்பில் ஒரு வெள்ளைப் பூசணிக்காய். அதை வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு, "வைகாசியில போயிட்டாருமா. சாமி சொன்னாப்பல ஊசிய நிறுத்திட்டேன். ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தாரு. அப்புறம் ரத்தமா கக்கிகினு கெடந்தாரு. விதி முடிஞ்சிடுச்சி, சாமி இன்னா பண்ணும். இது எங்க கொல்லையில காச்சது, சாமிக்குக் குடுக்கணும்னு வெச்சிருந்தாரு" என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து வரலட்சுமியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வரலட்சுமி காலை இழுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அன்றைக்குக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சொரசொரப்பான கல்லில் தேய்த்துத் தோல் சிவந்துபோனது. அந்தத் தொடுதல் போகவில்லை. ஒருவர் கை மேலே பட்டு அது போகாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணையனுக்கு எல்லாக் கையும் அப்படி.

நேராக மணவாளன் கடைக்குப் போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. அவன் வரப்போகிற ஆடிக் கிருத்திகைக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தான். இந்த வருஷம் சாமிக்குக் கன்னத்தில் அலகு குத்துவதாக உத்தேசம். மூன்றடி வேல் செய்யக் கொடுத்தாகிவிட்டது.

வரலட்சுமி முருகன் மேல் நம்பிக்கை இல்லாதவள் இல்லை. மாதா மாதம் படியேறிக் கும்பிடுகிறவள். வேண்டிக்கொண்டு, விரதமிருந்து, தானாக வந்து அலகு குத்திக்கொள்கிறவர்களைப் பார்த்துக் கையெடுத்திருக்கிறாள். ஆனால் சட்டைத் தையல் பட்டாலே துடிக்கிறவன் கன்னத்தில், அவனைப் பிடித்து அமுக்கிக்கொண்டு, மூன்றடி வேலா?

"பாவா, அவரு மேளத்தத்தான் நிறுத்தச் சொல்றாரு. வேற ஒண்ணியும் இல்ல" என்றாள்.

மணவாளன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதாம்மா? கூடப் பொறந்தவன் நான். தறி ஓடறப்போ சின்ன வயசுலருந்து அதத்தான சொல்லிகினு இருந்தான்" என்றான்.

 தெரியாமல் செய்கிறான் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். இவன் தெரிந்தே ஒரு வருஷம் அர்த்தம் சொல்லியிருக்கிறான். தெரிந்தே முனியனின் ஊசியை நிறுத்தியிருக்கிறான். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்துக்கு அவன் புதுப்பூ வைத்திருந்தான். அவன் வாயோரம் வழிந்த வெற்றிலைச் சாற்றைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்றாள். சொல், பெண்டாட்டிக்குப் பக்தி இல்லை, சாமியை வீட்டோடு அமுக்கப் பார்க்கிறாள் என்பார்கள் என்று அவன் சாவதானமாகச் சொன்னான். அதுவும் உண்மைதான். பிறகு தலையைத் தூக்கி, "நீ மட்டும் தெரியாமயா தட்ட வெச்சிகினு உக்காந்திருந்த?" என்று கேட்டான். 

வீட்டுக்கு வந்து கண்ணையனுக்கு எதிரே, கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள். உங்களுக்கு எதையெல்லாம் நிறுத்த வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்டாள். பதினைந்து வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மேளம். பாலு. பின்னால வந்து நீ தோள்ல தட்டிக் கூப்பிடற, அது."

"நானா? இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன். கல்யாணத்துக்கு மறுநாள் சொன்னேன். அப்புறமும் சொன்னேன்."

சொல்லியிருக்கிறான். அவளுக்கு ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் காபி கொடுக்க வந்து தோளைத் தொட்டபோது, நிறுத்து என்றான். என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவளும் தன் இஷ்டத்துக்கு ஒரு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். மணவாளனைத் திட்டுவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

துரைக்கண்ணுவின் குடிசைக்கு மறுநாள் போனாள். அவன் தொழில்காரன், அடிக்கச் சொன்னால் அடிப்பவன், ஆனால் முறை தவறினால் பயப்படுகிறவன். அலகு ஏற்றுவதற்கு முன்னால் பம்பைக்காரன் மேளத்தை அடக்கி, சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்பது முறை. மணவாளன் பந்தலில் அதெல்லாம் கிடையாது. மேளம் ஓடிக்கொண்டே இருக்கும், அவனே கேட்டு அவனே சொல்லிக்கொள்வான். "உத்தரவு இல்லாம அலகு ஏறினா பழி யார் மேல வரும், உங்க மேலயா, பாவா மேலயா?" என்று மட்டும் வரலட்சுமி கேட்டாள். துரைக்கண்ணு தலையைச் சொறிந்தான். சரி, அடக்கிட்டுக் கேக்கறேன் என்றான்.

கண்ணையனிடம் அவள் எல்லாவற்றையும் முன்கூட்டியே வரிசையாகச் சொன்னாள். பத்து நிமிஷம் மேளம் அடிப்பார்கள். பிறகு நிற்கும். உத்தரவு கேட்பார்கள். அப்போது உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்லுங்கள், பொய் எதுவும் சொல்ல வேண்டாம் என்றாள். பத்து நிமிஷமா என்று அவன் இரண்டு தடவை கேட்டான். ஒரு வருஷமாகப் பெட்டியில் கிடந்த அவன் கைக்கடிகாரத்தை எடுத்து, சாவி கொடுத்து, அவனே கட்டிக்கொள்ளட்டும் என்று முன்னால் வைத்தாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. பந்தலில் மூச்சு விட இடமில்லை. வியர்வை, சாம்பிராணி, அழுகின பூ, மொட்டையடித்த தலைகளில் பூசிய சந்தனம், எல்லாம் சேர்ந்து ஒரே நாற்றம். கெங்கம்மாளும் வந்து தூணோரம் நின்றாள். பதினொன்று ஐம்பதுக்கு மேளம் ஏறியது. கண்ணையன் ஆடினான், ஆனால் கத்தவில்லை. மணிக்கட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். பால் ஊற்றினார்கள், கடிகாரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். முடிகிற நேரம் தெரிந்தால் இவ்வளவு தாங்குவானா என்று வரலட்சுமி நினைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாக இதையாவது அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.

துரைக்கண்ணு கையைத் தூக்கினான். மேளம் அடங்கியது. மணவாளன் திடுக்கிட்டுத் திரும்பினான். துரைக்கண்ணு கைகட்டிக் குனிந்து, "சாமி, உத்தரவா?" என்று கேட்டான்.

கண்ணையன் பேசவில்லை.

இரண்டாம் தடவை கேட்டான். பதில் இல்லை. மூன்றாம் தடவையும் கேட்டான். கண்ணையன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மணவாளன் முகம் மலர்ந்தது. பேசாமல் இருந்தால் உத்தரவு என்றுதான் அர்த்தம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருக்குச் சைகை காட்டினான். அவர்கள் கண்ணையனின் தலையைப் பிடித்தார்கள். ஒருவன் வேலைத் திருநீற்றில் தோய்த்து எடுத்தான்.

அப்போதுதான் வரலட்சுமிக்கு உறைத்தது. சாமி என்று கேட்டால் இவன் ஏன் பதில் சொல்லப் போகிறான்? இவன் பெயர் சாமி இல்லையே. தன்னைக் கேட்காத கேள்விக்கு என்றைக்கும் அவன் பதில் சொன்னதில்லை. அவள் குங்குமத் தட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். தொடாமல், ஐந்தடி தள்ளி நின்றுகொண்டு, பதினைந்து வருஷத்தில் ஒருமுறைகூட வாயில் எடுக்காததை அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் சொன்னாள்.

"கண்ணையன், உங்களுக்கு இன்னா வேணும்?"

பந்தலே ஒடுங்கிப்போனது. புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள்! ரேஷன் கடையில் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லும் பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நல்ல நிலையில் இருக்கும் பெண்டாட்டி அப்படிச் செய்வாளா? வள்ளி வந்துவிட்டாள் என்று பின்னால் ஒரு குரல் எழுந்தது. ஆமாம், வள்ளிதான், வேறு யார் அந்தப் பெயரைச் சொல்ல முடியும் என்று பத்துக் குரல்கள் சேர்ந்துகொண்டன. தலையைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். வரலட்சுமிக்கு அந்த நேரத்திலும் அவர்களைப் பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. மனுஷி பேசினால் இவர்கள் காதில் விழாது.

கண்ணையன் தலையைத் தூக்கினான். யாரையும் பார்க்காமல் பந்தல் கீற்றைப் பார்த்துச் சொன்னான்.

"பதினோரு நிமிஷம் அடிச்சாங்க. பத்துன்னு சொன்ன." மணிக்கட்டை இறக்கினான். "மேளத்த நிறுத்து. எப்பவும் அதத்தான் சொல்றேன், மேளத்த நிறுத்து. அலகு வேணாம். பாலு வேணாம். என்ன யாரும் தொடக்கூடாது. சட்டைய குடு. பன்னெண்டு நாப்பதுக்கு பொதட்டூர்பேட்டை வண்டி, நான் போய் எழுதணும்."

மணவாளன் முன்னால் பாய்ந்து வந்து, சாமி என்ன சொல்கிறதென்றால் என்று ஆரம்பித்தான். சாமியே வாய் திறந்து பேசும்போது நடுவில் நீ யார் என்று துரைக்கண்ணு கேட்டான். கூட்டமும் அதையே கேட்டது. வாத்தியார் ஓடிப்போய்ச் சட்டையை எடுத்துவந்து, தொடாமல் இருப்பதற்காக ஒரு குச்சி நுனியில் நீட்டினார். கண்ணையன் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடந்தான். ஆளுக்கு ஐந்தடி ஒதுங்கி, கைகூப்பி வழி விட்டார்கள். நாற்பத்திரண்டு வருஷமாக அவன் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்தடி, சாமி கேட்டதாக நினைத்ததால் ஒரே நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் புது டைம் கீப்பர் அவனைப் பார்த்ததுமே நாற்காலியை விட்டு எழுந்து ஓடினான் என்று பிறகு சொன்னார்கள்.

கூட்டம் அவன் பின்னாலேயே போய்விட்டது. மணவாளன் அந்த மூன்றடி வேலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் போய் உட்கார்ந்தான். பந்தலில் வரலட்சுமியும், சிந்திக் கிடந்த குங்குமமும், ஈ மொய்க்கிற பாலும் மிச்சம். கெங்கம்மாள் மட்டும் தூணோரம் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். மெல்ல அருகே வந்தாள்.

"எப்பவும் மேளத்தத்தான் சொல்றேன்னு சொன்னாரே. அப்ப அன்னிக்கும் மேளத்தத்தான் சொன்னாராம்மா?"

பொய் சொல்லலாம். வள்ளி வந்த உடம்பு, எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள். வரலட்சுமி அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முயன்றாள், முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

 கெங்கம்மாள் அன்றைக்குக் காலைத் தொட்ட கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு வரலட்சுமியின் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். வரலட்சுமி நகரவில்லை. அந்த ஒரு வருஷத்தில் தன் காலடியில் விழுந்தவற்றில் அது ஒன்றுதான் நியாயமாக வந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்று மணிக்குமேல் டிபன் கேரியரில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். கொட்டகைக்குப் பின்பக்கமாக வந்தவள், தோளைத் தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு, சுற்றி முன்னால் வந்து நின்றாள். அவன் எழுதிக்கொண்டிருந்தான். ஆர்.கே.பேட்டை வண்டி வந்தது. டிரைவர் இறங்கி ஐந்தடி தள்ளி நின்று, பயபக்தியோடு, ஏழு நிமிஷம் லேட்டுங்க என்று தானாகவே ஒப்புக்கொண்டான். வண்டி திரும்பிப் புறப்படும்போது கெங்கம்மாள் கூட்டத்தோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணையன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிவிட்டு, சாதத்தில் ஊறுகாய் படாமல் வைத்திருக்கிறாயா என்று கேட்டான். வைத்திருக்கிறேன் என்றாள்.